நட்சத்திரம் போட்ட டிராம்

"லிங்கனைச் சுடாமல் இருந்திருந்தால்?" "மார்ட்டின் லூதர் கிங் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால்?" அமெரிக்க நிறவெறி பற்றிப் பேச்சு எடுத்தாலே நண்பர்கள் இதில்தான் வந்து நிற்பார்கள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா கதைதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். என்ன, ஆதியிலிருந்தே எல்லாம் பிரிந்து கிடந்தது, பிற்பாடு யாரோ ஒரு மகான் வந்து சேர்த்து வைத்தார் என்ற நினைப்பிலேயே கேட்கிறார்கள்.

லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே கறுப்பர்கள் ஏறும் டிராமில் நட்சத்திரம் வரைந்திருக்கும். நட்சத்திரம் இல்லாத வண்டி வந்தால், அடுத்தது வரும்வரை தெருவில் நிற்க வேண்டியதுதான். 1867 மே மாதம் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், கம்பெனிகள் இறங்கி வந்தன. அப்புறம் 35 வருஷம் எல்லோருக்கும் ஒரே டிராம். 1902-ல்தான் சட்டம் போட்டு மறுபடி பிரித்தார்கள். திரும்ப ஒன்றாக உட்கார 1958 ஆகிவிட்டது.

ரயிலிலும் அதே கதை. கறுப்பருக்கு ஒரு பெட்டி, வெள்ளையருக்கு ஒரு பெட்டி என்ற தனிப்பெட்டிச் சட்டம் வந்தது 1890-ல். அதை எதிர்த்து ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி 1892-ல் வெள்ளையருக்கான முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகளில் ஒருவர்தான் கறுப்பர். தான் கறுப்பன் என்று அவரே ஒத்துக்கொண்ட பிறகுதான் கைது. கைது செய்த துப்பறிவாளரும், சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடத் திட்டமிட்ட போராட்டக் குழு ஏற்பாடு செய்த ஆள்! கூடுதல் பெட்டிக்குச் செலவாகிறதே என்று ரயில் கம்பெனிக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

1896-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் செல்லும் என்று ஏழு நீதிபதிகள் சொல்ல, ஒருவர் மட்டும் மறுக்க, 7-க்கு 1 என்று குழு தோற்றது. அந்த ஒருவர் நீதிபதி ஹார்லன், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். (அதே மாறுபட்ட தீர்ப்பில் சீனர்களைப் பற்றி மட்டமாகவும் எழுதியிருக்கிறார்.)

சரி, ஜெயித்திருந்தால்? பெரிதாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லூசியானாவில் 1896-ல் சுமார் 1,30,000 கறுப்பு வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். அவர்கள் ஓட்டைப் பறிக்க 1898-ல் மாநில அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள். 1904-ல் மிச்சம் 1,342 பேர். ஓட்டு இல்லாதவன் கையில் தீர்ப்பு நகலைக் கொடுத்து என்ன பயன்?

என்னைக் கேட்டால் 1877-ஐத்தான் மாற்றி எழுதுவேன். ஜனாதிபதி தேர்தல் தகராறைத் தீர்க்கப் பேசிய பேரம் முடிந்து, தெற்கில் காவலுக்கு நின்ற மத்தியப் படைகளை விலக்கிக்கொண்ட வருஷம். அதுவரை நியூ ஆர்லியன்ஸில் சில அரசுப் பள்ளிகளில் இரு நிறப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்தார்கள். அந்தப் பள்ளிகளைப் பிரித்ததும் அதே 1877-ல்தான்.