டைம்டேபிள் போட்ட பிள்ளையைப் பாத்துச் சிரிச்ச எல்லாருக்கும்

எந்த வீடியோன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு மூணு நாளா எல்லாரோட டைம்லைன்லயும் அதுதான் ஓடுது. விடிஞ்சா ப்ளஸ் டூ பிசிக்ஸ் பரீட்சை. ராத்திரி பதினொன்னரைக்கு அந்தப் பொண்ணு தரையில சார்ட் பேப்பரை விரிச்சு, ஸ்கேல் புடிச்சு, கலர் கலரா ஸ்கெட்ச் பேனாவுல டைம்டேபிள் போட்டுக்கிட்டு இருக்கு. பின்னாடி அப்பா குரல், "மேடம் நாளைக்கு எக்ஸாமுக்கு இன்னைக்குத்தான் திட்டம் தீட்டுறாங்க." அந்தப் பிள்ளை திரும்பிப் பாக்குது, சிரிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்குது, மறுபடி குனிஞ்சு பச்சை பேனாவை எடுக்குது. கீழ லட்சக்கணக்குல சிரிப்பு எமோஜி. என் சித்தப்பா மகன் வேற என்னை டேக் பண்ணி "அண்ணே, உங்க கஸ்டமர்"னு போட்டிருக்கான்.

நான் அங்க ஒரே ஒரு வரிதான் எழுதினேன். "பிள்ளை பயந்து போயிருக்கு, வீடியோவை எடுத்துருங்க சார்." மரியாதையாத்தான் எழுதினேன். அதுக்கு வந்த பதிலைப் பாத்தவங்களுக்கு நான் ஏன் இப்ப இவ்வளவு நீளமா எழுதறேன்னு புரியும். "உன்னை மாதிரி ஆளுங்க குடுக்கிற செல்லம்தான்யா நாட்டைக் கெடுக்குது"ங்கிறது அதுலயே கொஞ்சம் நாகரிகமானது.

கோவில்பட்டியில ஸ்கூல் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். ஜனவரியில திருப்புதல் தேர்வு ஆரம்பிச்சா மார்ச் முடியிற வரைக்கும் எனக்கு சீசன். யார் படிக்கிறா, யார் படிக்கலேங்கிறது சில நேரம் வாத்தியாருக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுரும். படிக்கிற பிள்ளை ரெண்டு பக்கம் எடுத்துக்கிட்டு ஓடிரும். படிக்காத பிள்ளைதான் நூத்தம்பது பக்கம் எடுக்கும். ஒன் வேர்டு கலெக்‌ஷன், இம்பார்ட்டன்ட் ஃபைவ் மார்க், போன வருஷம் செண்டம் வாங்கின அக்காவோட நோட்டு, யாரோ ஒரு டியூஷன் சாரோட மெட்டீரியல். அப்புறம் ஸ்பைரல் போடணும்பான். அட்டை நீலமா பச்சையான்னு நின்னு யோசிப்பான். எழுத்து மங்கலா இருக்குண்ணே, இன்னொருக்கா போடுங்கம்பான். எனக்கு லாபம்தான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா காசை எண்ணிக் குடுக்கும்போது அவன் விரலைப் பாத்திருக்கீங்களா? நடுங்கும்.

அந்தக் கட்டெல்லாம் மே மாசம் பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்கு வந்துரும். சும்மா ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன். ஸ்பைரலுக்கு ஓட்டை போடும்போது விழுமே பொடிப்பொடியா வட்டப் பேப்பர், அதுகூட உதிராம பக்கத்துக்கு நடுவுல அப்படியே இருந்துச்சு. ஒரு பக்கம்கூடப் புரட்டலை.

இதைப் பாத்து நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். சோம்பேறிம்பீங்க. சோம்பேறி எதுக்குய்யா வெயில்ல வந்து வரிசையில நின்னு நூத்தம்பது பக்கம் ஜெராக்ஸ் எடுக்கிறான்? சோம்பேறி படுத்துத் தூங்கியிருப்பானே. ராத்திரி பதினொன்னரைக்கு ஸ்கேல் வச்சுக் கோடு போடறது சோம்பலா? அந்தப் பொண்ணுக்குத் தூக்கம் வரலய்யா. பயம். புத்தகத்தைத் திறந்தா தெரியாதது பூராவும் கண்ணுல படும். டைம்டேபிள் போட்டா படாது. அந்தச் சார்ட்ல இருக்கிற பொண்ணு காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, அஞ்சு மணிக்குள்ள நிலைமின்னியல் முடிச்சு, ஆறு மணிக்கு மின்னோட்டவியல் முடிச்சுட்டு, குளிச்சுச் சாமி கும்பிட்டுக் கிளம்புறவ. கொஞ்ச நேரமாவது அந்தப் பொண்ணா இருந்து பாத்துக்குது. அதைத்தான் அந்தப் பெரிய மனுஷன் படம் புடிச்சாரு.

கமெண்ட்ல ஒருத்தர் "ஆதாரம் இருக்கா, இல்ல ஜெராக்ஸ் மெஷின் சொல்லுச்சா"ன்னு கேட்டிருந்தார். இருக்கு சார். கனடாவுல கார்ல்டன் பல்கலைக்கழகத்துல டிமதி பிச்சில்னு ஒரு உளவியல் பேராசிரியர், வேலையைத் தள்ளிப்போடற பழக்கத்தையே பல வருஷமா ஆராய்ச்சி பண்ணினவர். அவரும் ஃபுஷியா சிருவாங்கிற ஆய்வாளரும் 2013-ல எழுதின கட்டுரை இதைத்தான் சொல்லுது. தள்ளிப்போடறவனுக்கு நேரத்தைக் கையாளத் தெரியாததில்ல சிக்கல், அந்த வேலையைத் தொட்டா வர்ற கெட்ட உணர்ச்சியைத் தாங்க முடியாம அப்போதைக்கு மனசைச் சரி பண்ணிக்க ஓடறான்னு. 2010-ல பிச்சில், மைக்கேல் வோல், இன்னொருத்தர் சேந்து காலேஜ் முதல் வருஷப் பிள்ளைகளை வச்சு இன்னொண்ணு பாத்தாங்க. முதல் பரீட்சைக்குப் படிக்காமத் தள்ளிப்போட்டதுக்குத் தன்னைத்தானே மன்னிச்சுக்கிட்டவங்க, அடுத்த பரீட்சைக்குக் குறைவாத் தள்ளிப்போட்டாங்க. இப்ப சொல்லுங்க, லட்சம் பேரை வச்சுச் சிரிக்க வச்சா அந்தப் பிள்ளை அடுத்து வர்ற கெமிஸ்ட்ரிக்கு உக்காந்து படிச்சிருமா? மறுபடி பயம்தான் வரும். இன்னும் பெரிய சார்ட்டா வாங்கும்.

"எல்லாம் செல்போன்". இதைச் சொல்லாத ஆள் இல்லை. சரி, போன் வேலையைக் கெடுக்குது, ஒத்துக்கறேன். ஆனா அந்த வீடியோவுல அந்தப் பொண்ணு கையில போன் இல்லையே. அப்பா கையிலதானே இருந்துச்சு?

நான் ப்ளஸ் டூ படிக்கிறப்போ தெருவுக்கே ஒரு போன்தான். 1200 மார்க் காலம். ஃபர்ஸ்ட் குரூப். பிசிக்ஸ்ல மின்னியல் பாடம் வந்தப்போ எனக்கு மஞ்சக்காமாலை, ஸ்கூலுக்கே போகலை. திரும்பிப் போனப்போ வகுப்பு எங்கயோ போயிருச்சு. கேக்கிறதுக்குக் கூச்சம். ஸ்டடி லீவு விட்டாங்க. பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தாலே வயித்தைப் பிசையும். அதனால என்ன பண்ணினேன்னா, எல்லாப் புத்தகத்துக்கும் பழைய அட்டையைக் கிழிச்சுட்டுப் புதுசா பிரவுன் ஷீட் போட்டேன். லேபிள் ஒட்டினேன். லேபிள் கோணலாப் போச்சுன்னு உரிச்சுட்டுத் திரும்ப ஒட்டினேன். பெயர், வகுப்பு, பாடம், பிரிவு எல்லாம் ரெண்டு கலர் இங்க்ல. அந்த நேரம் பாத்து பெரியப்பா வந்தாரு. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு பாக்கிறவர், சாயங்காலமானா எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்துருவாரு. ஒரு நிமிஷம் நின்னு பாத்தாரு. அப்புறம் வாசலுக்குப் போய்த் தெருவைப் பாத்துச் சத்தம் குடுத்தாரு, "ஏலே, எல்லாரும் வந்து பாருங்கலே, பரீட்சைக்கு நம்ம கலெக்டரு லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்காரு."

வந்தாங்க. எதுத்த வீட்டு அக்கா, அவங்க மாமியார், கிரிக்கெட் விளையாடிக்கிட்டிருந்த பயலுக, பால்காரர். எல்லாரும் சிரிச்சாங்க, எங்க அம்மாவும் சேந்துதான். நானும் சிரிச்சேன். அந்தப் பொண்ணு வச்ச மாதிரி ஒரு முகம்.

அன்னையிலருந்து என் பேரு லேபிள். நான் பாஸ் பண்ணினேன், கௌரவமான மார்க்தான். அது எத்தனைன்னு எங்க வீட்டுல இப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. லேபிள் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. போன வைகாசியில ஒரு கல்யாண வீடு. என் மகன் பக்கத்துல நிக்கிறான். ஒரு பெரியவர் தூரத்துல இருந்து "லேபிள் வந்துட்டானா?"ங்கிறார். "யாருப்பா லேபிள்?"னு என் மகன் கேக்கிறான். சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்கடான்னு சொல்லிட்டுப் பந்திக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பெரியப்பா நல்ல மனுஷன். காலேஜுக்கு ஃபீஸ் கட்டினதுல அவர் பங்கும் இருக்கு. அதனாலதான் இதை ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியலை.

அதுவும் பத்துப் பேரு பாத்தது. இந்தப் பொண்ணை எத்தனை பேரு பாத்திருக்கான்னு நீங்களே எண்ணிக்கோங்க.

"கண்டிக்காம வளத்தா பிள்ளை உருப்படாது"ன்னு ஒரு அண்ணன் பத்தி பத்தியா எழுதியிருக்காரு. கண்டிங்கண்ணே, யாரு வேண்டாம்னா? பேனாவைப் புடுங்கி ஓரமா வச்சுட்டு "எந்திரிடா, எந்தப் பாடம் வரலை சொல்லு"ன்னு அதட்டுங்க. அதுக்குப் பேரு கண்டிப்பு. போனை எடுத்து, வெளிச்சம் சரியா விழுதான்னு பாத்து, டயலாக் யோசிச்சு, எடுத்து முடிச்சு, பாட்டு சேத்து, ஹேஷ்டேக் போட்டு ஏத்துறதுக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்குமா இல்லையா? அந்த நேரத்துல பிள்ளையை உக்கார வச்சு பிசிக்ஸ் புத்தகம் வால்யூம் ஒண்ணுல பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற ஒன் வேர்டு பூராவும் கேட்டிருக்கலாமே. எழுத்துத் தேர்வு 70 மார்க்ல பதினஞ்சு ஒன் வேர்டு, ஒண்ணுக்கு ஒரு மார்க். தியரியில பாஸுக்கு வேண்டியதே 15 மார்க். பிராக்டிகல் 20, இன்டர்னல் 10 ஏற்கெனவே முடிஞ்ச கதை. மொத்தத்துல 35 வந்தா பாஸ். கடைக்கு வர்ற பிள்ளைககிட்ட நான் இந்தக் கணக்கைத்தான் பேப்பர் பின்னாடி எழுதிக் காட்டுறது. பதினோரு யூனிட்டையும் படின்னு சொன்னா நிக்கிற இடத்துலயே கண்ணு கலங்கும். "நிலைமின்னியல்ல வான் டி கிராஃப் மின்னியற்றி, அந்த ஒரு ஃபைவ் மார்க் மட்டும் படத்தோட பாத்துட்டுத் தூங்குடா"ன்னா, "அவ்வளவுதானாண்ணே?"ன்னு ஒரு மூச்சு விடுவான் பாருங்க. அந்த மூச்சு வந்தப்புறம் அவனே இன்னொரு ஃபைவ் மார்க்கும் பாத்துருவான்.

"தெருவிளக்குல படிச்சு முன்னுக்கு வந்தவங்க இல்லையா?" இருக்காங்க. கும்பிடறேன். அதுக்காக டியூப்லைட் கீழ உக்காந்து பயப்படுற பிள்ளை அடிபடணுமா? இன்னொண்ணும் சொல்றேன். லோடுமேன் வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து நோட்டை எடுக்கிற பையனும் என் கடைக்கு வர்றான். அவனும் ஸ்பைரல் அட்டை கலர் யோசிக்கிறான். வசதி இருக்கிறவனுக்கு ஒரு பயம், இல்லாதவனுக்கு ரெண்டு பயம்.

உண்மையான சோம்பேறியே கிடையாதான்னு ஒருத்தர். இருப்பான் சார். இருந்துட்டுப் போகட்டும்.

"எழுத்தைப் பொடியாக் குறைச்சு மைக்ரோ ஜெராக்ஸ் போட்டுப் பிட்டடிக்க வச்சவன்தானே நீ"ங்கறவருக்கு: என் கடையில போடறதில்ல. போடமாட்டேன்னு போர்டே மாட்டியிருக்கேன். வந்து பாத்துட்டு டீயும் குடிச்சுட்டுப் போங்க.

யோசிச்சுப் பாத்தா எனக்கு அந்த அப்பா மேலகூட முழுக் கோபம் இல்லை. அவரும் பயந்துதான் இருப்பாரு. ஆபீஸ்ல மே மாசம் "பொண்ணு எவ்வளவு?"ன்னு கேப்பாங்க. 600-க்கு எவ்வளவு, இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு எவ்வளவு, நீட் எழுதுதா இல்லையா, எழுதலைன்னா ஏன் எழுதலை. மாநில ரேங்க் அறிவிக்கிறதை அரசாங்கம் 2017-லயே நிறுத்திடுச்சு. சொந்தக்காரங்க நிறுத்தலையே. ஸ்கூல் வாசல்ல மார்க் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிறதும் நின்னபாடில்லை. முன்கூட்டியே பிள்ளையைக் கேலிப் பொருளா ஆக்கிட்டா, நாளைக்கு மார்க் குறைஞ்சாலும் "அப்பவே சொன்னேன்ல"ன்னு தப்பிச்சுக்கலாம். பிள்ளையை முன்னாடி தள்ளிவிட்டுட்டுப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற வேலை சார் இது. கோபமில்லைன்னு சொன்னேன்ல, வாபஸ்.

ஃபெயில் ஆனா என்ன இப்போ? ஜூன்லயே துணைத்தேர்வு வருது, எழுதி அதே வருஷம் காலேஜ் போன பிள்ளைக எத்தனையோ. வீடியோவுக்குத் துணைத்தேர்வு இருக்கா? அந்தப் பொண்ணு வேலைக்குப் போற இடத்துல ஒருத்தன் தேடி எடுப்பான், கல்யாணம் பேசுற வீட்டுல ஒருத்தன் எடுப்பான். பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?

உங்க வீட்டுல யாராவது இப்படிச் சார்ட் பேப்பரும் கையுமா உக்காந்திருந்தா, தூங்காம இருந்தா, சாப்பாட்டைத் தள்ளி வச்சா, 14416-க்கு அடிங்க. டெலி மானஸ், மத்திய அரசோட மனநல உதவி எண், காசு இல்லை, தமிழ்ல பேசுவாங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே சித்தப்பா மகன் மறுபடி அனுப்பியிருக்கான். பார்ட் டூ வந்திருக்காம். பரீட்சை முடிஞ்சு வெளிய வர்ற பிள்ளைகிட்ட "டைம்டேபிள்ல இருந்து எத்தனை கொஸ்டின் வந்துச்சு மேடம்?"னு கேக்கிறாராம். நான் திறந்து பாக்கலை. ரெண்டு வீடியோவையும் ரிப்போர்ட் அடிச்சுட்டேன். நீங்களும் அடிங்க. லிங்க் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, தரமாட்டேன்.