வலி வந்தால் மறுபடி கடலில் இறங்கலாமா?

"மூழ்கி வந்தபின் மூட்டு வலித்தால், திரும்பவும் சிலிண்டரோடு ஆழத்துக்குப் போங்கள், சரியாகிவிடும்" என்ற பேச்சு முக்குளிப்பவர்களிடையே உலவுகிறது. தவறு, உயிரையே பறிக்கக்கூடிய தவறு.

10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரு மடங்கு. அதனால் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது உடலுக்குள் குமிழிகளாகி வலி தருகிறது, இதுதான் அழுத்தநீக்க நோய் (decompression sickness). மறுபடி இறங்கினால் குமிழி சுருங்கி வலி குறையும் என்பது உண்மைதான், இந்தப் பேச்சு நிலைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் கீழே அதே காற்றைச் சுவாசிக்கும்போது இன்னும் நைட்ரஜன் ஏறுகிறது. அங்கே கால் மரத்துப்போனால், மயக்கம் வந்தால் யார் தூக்குவது? இலங்கையில் கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்கியவர்களில் சிலர் இந்த நோயால் நடக்க முடியாமலே போயிருக்கிறார்கள். நீருக்கடியில் தரும் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்குத் தூய ஆக்சிஜன், தனிக் கருவிகள், பயிற்சி பெற்ற குழு எல்லாம் வேண்டும்.

பாதிக்கப்பட்டவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள், நினைவில்லையென்றால் ஒருக்களித்து. முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுங்கள், இதுதான் முதல் மருந்து. தெளிவாக இருந்து வாந்தி இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவமனை. உயரழுத்த அறைச் சிகிச்சை, அதாவது காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜன் தரும் சிகிச்சை, தேவைப்படும். ஆக்சிஜனில் வலி போய்விட்டது என்று வீடு திரும்ப வேண்டாம், அறிகுறிகள் மீண்டும் வரலாம்.