சத்தத்தைக் கேட்டுச் சொல்பவருக்கும் கூலி உண்டு

எங்கள் கார் 2007 மாடல். போன மே மாதம் ஏசி போட்டாலே டேஷ்போர்டுக்குள் "டக் டக் டக்" என்று சத்தம். ஃபேன் வேகத்தைக் கூட்டினால் அதுவே "டர்ர்ர்" என்று ஒரே இழுப்பாகிவிடும். "ஏசியே வேண்டாம்டா, கண்ணாடியை இறக்கு" என்று அம்மா சொல்லிவிட்டார். மதுரை மே மாதத்தில் கண்ணாடியை இறக்கினால் வருவது காற்றா, அனலா?

முதலில் போன இடத்தில், மெக்கானிக் வண்டிக்குள் உட்காரக்கூட இல்லை. வெளியில் நின்றபடியே "ப்ளோயர் மோட்டார் போயிருச்சு சார். கூலிங் காயிலையும் சேர்த்து மாத்திருங்க" என்றார். ப்ளோயர் என்பது ஏசிக் காற்றை உள்ளே தள்ளும் ஃபேன்; கூலிங் காயில் அந்தக் காற்றைக் குளிர்விப்பது. செலவு 11,000 ரூபாய். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்து ஒரு சின்ன ஷெட். அறுபது வயதுக்காரர். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "இஞ்சினை நிறுத்துங்க தம்பி, சாவியை மட்டும் ஆன்ல வைங்க" என்றார். ஃபேனை ஒன்றில் வைத்தோம். அதே டக் டக். "பெல்ட்டும் சுத்தல, கம்ப்ரசரும் ஓடல. சத்தம் மட்டும் வருது. அப்ப ப்ளோயர்தான்." இரண்டே நிமிடத்தில் பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து கழற்றிவிட்டார்.

பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டச் சொல்லி, கிளவ் பாக்ஸுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். கீச்சென்று கத்தினால் மோட்டாரின் ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் காய்ந்திருக்கும்; வளைவில் திரும்பும்போது அது கூடினால் புஷ் தேய்ந்தேவிட்டது. கையில் அதிர்வு தெரிந்தால் ஃபேனில் ஒரு பக்கம் தூசி கட்டியிருக்கும், இல்லை இதழ் உடைந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு என்று, வேகத்தோடு சேர்ந்து கூடினால் ஏதோ உரசுகிறது. "உங்களுது இந்தக் கடைசி ரகம்" என்றார். சத்தமே இல்லாமல், நான்காவது வேகத்தில் மட்டும் ஃபேன் ஓடினால் அது பெரும்பாலும் ஃபேன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரின் கோளாறு, மோட்டாரைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார்.

அவரே மூன்று ஸ்க்ரூவும் ஒரு வயர் சாக்கெட்டும் கழற்றினார், ப்ளோயர் கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் சீப்புப் பல் மாதிரி இதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உருளை. இதழ்களின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. இரண்டு இதழ்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை ஈர்க்கு ஒன்று குத்தி நின்றது. அதன் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பளபளவென்று தேய்ந்திருந்தது. அதுதான் அத்தனை நாளும் ஃபேனைச் சுற்றியுள்ள உறையில் தட்டியது.

எங்கள் வாசல் வேப்பமரத்தடியில்தான் வண்டி நிற்கும். வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டர் கிடையாது, எங்களுடையதிலும் இல்லை. இலை நேராக ஃபேனில் போய் விழும்.

அவர் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. சாக்கெட்டில் கருகல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகத் தேய்த்து மாட்டினார். எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்டேன். "கார்பன் பிரஷ் மோட்டார், உள்ளே பொறி பறக்கும். தீப்பிடிக்கிற சாமானை அங்கே அடிக்காதீங்க" என்றார்.

முக்கால் மணி நேர வேலை. கேட்டது 150 ரூபாய்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. 11,000 ரூபாய்க்குப் பாகம் மாற்றியிருந்தால் பேரம் பேசாமல் கொடுத்திருப்போம். கண்டுபிடித்ததற்கு 500 கேட்டால் "சும்மா கழற்றி மாட்டினதுக்கா?" என்போம். பாகத்துக்கு மட்டுமே காசு தருகிறோம், அப்புறம் பாகத்தை விற்கிறார்கள் என்று கோபப்படுகிறோம். அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்கிற மெக்கானிக் எதை வைத்துப் பிழைப்பார்? பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் பார்த்ததற்கான கூலியை நாமே கேட்டுக் கொடுக்க வேண்டும்.

நான் 500 கொடுத்தேன். வேண்டாம் என்று மறுத்து, கடைசியில் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, "ஞாயித்துக்கிழமை பானெட்டைத் தூக்கி இலையைப் பொறுக்கிடுங்க. மறுபடி சத்தம் வந்தா எந்த ஸ்பீடுல வருதுன்னு பார்த்துட்டு வாங்க தம்பி" என்றார்.