பவர் லிமிட் குறைத்தால் கிராபிக்ஸ் கார்டு கெடாது

“பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கினால் வேகமும் 30 சதவீதம் போகும், கரண்ட் பத்தாமல் கார்டும் கெடும்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை அண்ணா.

பவர் லிமிட் என்பது கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு வைக்கிற உச்சவரம்பு மட்டும். அதைத் தொட்டதும் கார்டே தன் கிளாக்கையும் (சிப் ஓடும் வேகம்) வோல்டேஜையும் சேர்த்து இறக்கிக்கொள்ளும். சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தையும் கிளாக்கையும் பொறுத்தது. இரண்டும் 10 சதவீதம் குறைந்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.73, அதாவது மின்சாரத்தில் ஏறக்குறைய 27 சதவீதம் சேமிப்பு. வேகத்தில் போவது அந்தப் பத்துதான். மேல்முனையில் கொஞ்சம் வேகத்துக்கு நிறைய வாட் செலவாகிறது, விஷயம் அவ்வளவே.

நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பாலக்காட்டு மீன மாத வெயில் தெரியுமே, மத்தியானம் அறையே அடுப்பு மாதிரி. என் ஆர்டிஎக்ஸ் 3060-ஐ 170 வாட்டிலிருந்து 120-க்கு இறக்கினேன். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய கேம் 55-இல் நின்றது. ஃபேன் இரைச்சல் அடங்கி, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம்கூடக் கேட்டது!

நீங்கள் சொல்ல வந்தது அண்டர்வோல்டிங்காக இருக்கலாம். அதே கிளாக்கில் வோல்டேஜை மட்டும் அதிகமாகக் குறைத்தால் கேம் கிராஷ் ஆகும், திரை கறுப்பாகிவிடும். அப்போதும் கார்டு எரியாது. பழைய அளவுக்கு மாற்றினால் போதும். கார்டின் ஆயுளைத் தின்பது சூடும் அதிக வோல்டேஜும்தான். பயந்து யாரும் இதைத் தொடாமல் விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளைக் கருவி வழியாக வைக்கிற லிமிட் ரீபூட் ஆனால் போய்விடும், திரும்ப வைக்க வேண்டும்.