ஃபாஸ்டர் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வீடு கொடுங்கள்

ஆள்கடத்தல் என்றதும் வேனில் வாயைப் பொத்தித் தூக்கிப் போகிற காட்சிதான் நமக்கு மனதில் ஓடும். அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடம் இருக்க முடியாமல் அரசுப் பொறுப்பில் வேறு குடும்பத்திலோ விடுதியிலோ, வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. "தங்க இடமில்லையா, என்கூட வா" என்று தெரிந்த ஒருவனே கூப்பிடுகிறான், போகிறார்கள். சாப்பாடு, செல்போன், ஆசையாக ரெண்டு வார்த்தை. கொஞ்ச நாள் கழித்து, "உனக்கு இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன், நீ எனக்கு என்ன பண்ணப்போறே?" என்று கணக்கு ஆரம்பிக்கும், உடம்பை விற்கச் சொல்லி. (பையன்களும் இதில் மாட்டுகிறார்கள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.)

நம் வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயதில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனாலும் ராத்திரி திரும்பி வந்து கதவைத் தட்டலாம். 18 வயதில், பல மாநிலங்களில் 21-இல், கேரிலிருந்து வெளியே வருகிற பிள்ளைக்கு அந்தக் கதவு கிடையாது. வாடகைக்குப் போனால் டெபாசிட் கேட்பார்கள், கூடக் கையெழுத்துப் போட ஆள் கேட்பார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள். சிலர் பெயரில் சின்ன வயதிலேயே யாரோ கார்டு வாங்கிக் கடன் ஏற்றி வைத்திருப்பார்கள். இது அடிக்கடி நடப்பதால்தான், கேரில் இருக்கும் பிள்ளைகளுக்கு 14 வயதிலிருந்து வருஷா வருஷம் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டமே சொல்கிறது.

கேரில் இருக்கிற பிள்ளை காணாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் போக வேண்டும் என்று 2014-இல் சட்டம் வந்தது. நல்லதுதான், ஆனால் அது தொலைந்த பிறகு தேடுவதற்கு. தொலையாமல் இருக்க வீடு வேண்டும். 2019-இல் ஃபெடரல் வீட்டு வசதித் துறை இவர்களுக்கென்றே ஒரு வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பங்கை அரசே ஓனருக்குக் கட்டும்) திட்டம் கொண்டுவந்தது: 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 36 மாதம், படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்தால் இன்னும் ரெண்டு வருஷம் வரை. ஆனால் கையில் வவுச்சர் இருந்தால் மட்டும் வீடு கிடைத்துவிடாது. அதை வாங்கிக்கொள்ளும் ஓனரைக் கெடுவுக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். சொந்தமாக ஒரு கரண்ட் பில்கூடக் கட்டிப் பழகாத பத்தொன்பது வயசு இதைத் தனியாகச் செய்யுமா? அதனால்தான் வீட்டோடு ஒரு ஆளும் வேண்டும் என்கிறேன். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட, பழைய கடத்தல்காரன் மறுபடி மெசேஜ் அனுப்பும்போது அந்தப் பிள்ளை போன் பண்ணிச் சொல்ல, கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போக ஒருவர்.

அப்புறம், எனக்கு எரிச்சல் வருகிற இடம் ஒன்று உண்டு. இப்படி வீடு தருகிற சில இடங்களில் ராத்திரி இத்தனை மணிக்குள் வரவில்லையென்றால், யாரையாவது உள்ளே கூட்டி வந்தால், வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மற்றவர்களின் பாதுகாப்புக்காக விதி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதியை மீறிய அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை கடத்தல்காரனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கே வெளியே தள்ளினால் அவன் சோபாவுக்கு நாமே வழி காட்டிவிட்ட மாதிரி.

அதனால் நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் விதியை மீறினால் அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை எங்கே தூங்கும்? சிலர் நேராகப் பதில் சொல்கிறார்கள். சிலர் பிரோஷரை எடுத்து நீட்டுகிறார்கள்.