14 விநாடியும் நான்காவது அசைவும்

அந்தக் காணொளியை இங்கே மறுபடியும் பகிர மாட்டேன். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் பக்கம் மலையாளத்திலும் சிரித்தும் ஆயிற்று. ஓண விழா மேடையில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி, என் மாணவி, கராத்தேயில் ஹெய்யான் ஷோதான் என்ற கட்டாவைச் செய்தாள் (தனியாக, வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புதான் கட்டா). யாரோ ஒரு புண்ணியவான் அதிலிருந்து 14 விநாடியை மட்டும் வெட்டியெடுத்து, செண்டை மேளத்தை ஒட்டவைத்து, "பஸ்ஸில் ஒருத்தன் கையைப் பிடித்தால் இந்த ஓட்டந்துள்ளலைத்தான் ஆடிக் காட்டுவாயா மோளே?" என்று எழுதிப் போட்டார். கீழே வந்து சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன. அதைப் பற்றி இப்போது எழுதுவதற்கில்லை. (கேரளத்தின் ஆடற்கலையான ஓட்டந்துள்ளலும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கேட்கும் கலைதான் என்பதை, அதை வசைச்சொல்லாக்கியவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.)

எனக்கு ஆற்றாமையெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்தான். கையைப் பிடித்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கான விடை, அவர் வெட்டியெடுத்த அந்த 14 விநாடிக்குள்ளேயே இருக்கிறது.

ஹெய்யான் ஷோதானில் மொத்தம் 21 அசைவுகள். இடப்பக்கம் திரும்பிக் கீழ்நோக்கி ஒரு வீச்சு, முன்னேறி ஒரு குத்து, பின் முழுதாகத் திரும்பி வலக்கையால் மறுபடியும் கீழ்வீச்சு. நான்காவது அசைவில் வலது கால் பாதியளவு பின்னுக்கு வரும். நீட்டிய வலக்கை உடலோடு ஒட்டி மேலெழுந்து, தலைக்கு மேல் வட்டமிட்டு, முஷ்டியின் அடிப்பகுதி சுத்தியல் போலக் கீழே இறங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கையைச் சுழற்றும் அலங்காரம். அருகில் வந்து அந்த வலது மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். எப்படிப் பிடித்தாலும் நம் பிடியில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் வாய்தான் பலவீனம். அவள் கையைச் சற்றே திருப்பி, முன்கையின் குறுகலான விளிம்பை அந்த வாய்க்கு நேராகக் கொண்டுவந்து, முழங்கையை மடக்கி, கால் பின்வாங்கும் வேகத்தில் உடம்போடு இழுக்கிறாள். உங்கள் ஒரு கட்டைவிரலுக்கு எதிராக அவளுடைய முழு உடல் எடையும் நிற்கிறது. விடுபட்ட கை அப்படியே வட்டமிட்டு இறங்குமிடம் உங்கள் மூக்காகவோ காறை எலும்பாகவோ இருக்கலாம். பஸ்ஸில் கையைப் பிடித்தவனுக்கு அது போதும்.

கட்டாவுக்குப் பொருள் உண்டு. ஒவ்வோர் அசைவுக்கும் உண்டு. அந்தப் பொருளைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் புன்காய். பிரித்தறிதல் என்பதே அச்சொல்லின் பொருள். நாம் "தடுப்பு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'உகே' என்ற சொல்லுக்கு உண்மையில் ஏற்றுக்கொள்ளுதல், வாங்கிக்கொள்ளுதல் என்றே பொருள். ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்கு வருகிறதே, ஹிகிதே என்பார்கள், அந்தக் கை அழகுக்காக வருவதில்லை. எதிராளியின் கையையோ சட்டையையோ பற்றி இழுத்துக்கொண்டு வருகிறது. இதைச் சொல்லாமல் அசைவை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை காற்றைத்தான் இழுப்பாள். பார்ப்பவர் சிரிக்கத்தான் செய்வார். பிழை சொல்லிக்கொடுத்தவருடையது.

"உங்கள் கட்டா எல்லாம் எம்.எம்.ஏ. வீரன் ஒருவன் முன்னால் நிற்குமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நிற்காது. எம்.எம்.ஏ. என்பது பல சண்டைக் கலைகளும் கலந்த கூண்டுப் போட்டி, 13 வயதுப் பிள்ளை அந்தக் கம்பிக் கூண்டுக்குள் இறங்கப் போவதுமில்லை. அவள் ஏறப்போவது களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில். அங்கே எதிராளி பயிற்சி பெற்ற வீரனாக இருப்பதில்லை, பக்கத்தில் வந்து நிற்கும் ஏதோ ஒரு மாமனாகத்தான் இருக்கிறான். ஆனால் தம்பியின் கேள்விக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். பிடித்தவன் பிடியை விடாமல் முறுக்க, தள்ள, இழுக்க, அதற்குள் அசைவைச் செய்து பழகாதவருக்குக் கட்டா கைகொடுக்காது. ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி ஜப்பான் முழுதும் பரவ வழி செய்தவர். அவருடைய 20 நெறிகளிலேயே, கட்டாவைப் பிசகின்றிச் செய்ய வேண்டும், உண்மையான மோதல் வேறு விஷயம் என்ற நெறி இருக்கிறது. அதை எடுத்துக்காட்டிக் கட்டாவையே பழிப்பவர்கள் நெறியின் முதல் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில் இருந்த கராத்தேயை 2024 பாரிஸில் எடுத்துவிட்டார்களே என்று இன்னொருவர். கபடியும் அங்கே இல்லை. போதுமா?

இனி என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றவர் மேல் மட்டும் கல்லெறிந்ததாகிவிடும். 1990-களின் தொடக்கத்தில் நான் கற்ற இடத்தில், நான்காவது அசைவு எதற்கு என்று மாஸ்டரிடம் ஒருமுறை கேட்டேன். "உனக்கு பெல்ட் வேண்டுமா, கேள்வி வேண்டுமா?" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு, அதற்கொரு கட்டணம், அதற்கொரு சான்றிதழ், இப்படிக் கறுப்பு வரை வந்து சேர்ந்தேன். அந்த அசைவை அதற்குள் எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

23 வயதில், தம்பானூர் போகும் பஸ்ஸில், பாறசாலை தாண்டியதும் ஒருவன் என் வலது மணிக்கட்டைப் பிடித்தான். கூட்டத்தில் தற்செயலாகப் பட்ட கை அல்ல, பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். பெட்டியில் கறுப்பு பெல்ட்டை மடித்து வைத்திருந்த நான் மரம்போல நின்றேன். அவன் விரல்களின் ஈரம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து, "அங்ஙோட்டு மாறி நில்லு" என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளியதால் கை விடுபட்டது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது கண்டக்டரின் எரிச்சல்தான். பல ஆண்டு கழித்து, திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி முகாமில், முதியவர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "இப்போது ஷோதானின் நான்காவதைச் செய்யுங்கள்" என்றார். செய்தேன். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முகாம் முடியும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. விடை என் உடம்பிலேயே இருந்திருக்கிறது. கேள்வியை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதைவிட வெட்கக்கேடு, அதற்கு முந்திய ஆண்டுகளில் நானும் என் பிள்ளைகளுக்கு அப்படியே கற்பித்திருந்தேன் என்பது.

ஒகினாவாவில் அங்கோ இதோசு 1901 வாக்கில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனபோது, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்க ஏற்றபடி அமைத்தவைதான் பினான் கட்டாக்கள். ஃபுனாகோஷி அவற்றுக்குப் பின்னாளில் ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். வரிசைக்குள் பொருள் மங்கிப்போனது என்று பலர் குறைபடுவதுண்டு. ஆனால் அதே இதோசு 1908-இல் எழுதிய பத்து நெறிகளில், ஒவ்வோர் உத்தியும் எந்தச் சூழலில் பயன்படும் என்பதை அறிந்தே பயில வேண்டும் என்கிறார். நூறாண்டுக்கு முன் எழுதியாயிற்று. நமக்கு கிரேடிங் கட்டணம் வாங்கிய ரசீதைத் தவிர வேறெதையும் படிக்க நேரமில்லை.

"நம் மண்ணில் அடிமுறை இருக்க, ஜப்பான்காரன் வித்தை எதற்கு?" என்று அடுத்த கூட்டம் வந்திருக்கிறது. இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். என் சின்னப் பாட்டா விளவங்கோட்டுப் பக்கத்தில் பேர்பெற்ற ஆசான். எண்ணெய் மணக்கும் அவருடைய களரியின் ஓலைக்கீற்று இடுக்கு வழியாகத்தான் நான் அடிமுறையின் காலடி வரிசையான ஒற்றைச்சுவட்டை முதன்முதலில் பார்த்தேன். உடம்பின் வர்மப் புள்ளிகளில் 12 படுவர்மமும் 96 தொடுவர்மமும் அவருக்கு விரல்நுனியில் இருந்தன. என் அண்ணன்மாருக்கு அவர் காப்பு கட்டிச் சொல்லிக்கொடுத்தார். நான் வாசலில் போய் நின்றபோது, "பெண்பிள்ளைக்கு இது என்னத்துக்கு மக்களே, போ, போய்ப் படி" என்று கையில் ஒரு பழத்தைக் கொடுத்து அனுப்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்றும் ஆறவில்லை. உள்ளே விட்ட அண்ணன்மாருக்கும் சுவடு மட்டுமே கிடைத்தது. அதை மோதலில் பயன்படுத்தும் பிரயோகம் பிறகு, பிறகு என்று தள்ளித் தள்ளி, ஆசான் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவரோடு போயிற்று. மாஸ்டர் வைத்ததும் இதே பூட்டுத்தான். அவர் சாவிக்குக் கட்டணம் போட்டார், பாட்டா சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினார். எனக்குக் கதவைத் திறந்துவிட்ட வித்தை ஜப்பானிலிருந்து வந்தது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: கொடுங்கள், நல்லதுதான். அதை எடுக்கவும் அவளுக்கு ஒரு கை வெளியே வர வேண்டுமே.

அவளுடைய அம்மா சனிக்கிழமை இரவு போன் செய்தார். "டீச்சரே, பள்ளிக்கூடத்தில எல்லாரும் செண்டை கொட்டிக் காட்டுகாவளாம். இனி பிள்ளைய அனுப்பேல, தப்பா நினைக்காதீங்க" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை பாரிஷ் ஹால் முற்றத்தில் தன்னைவிட இரட்டை எடையுள்ள பையன்களை மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லி, கை சிவந்து தடிக்கத் தடிக்க நான்காவது அசைவைப் பழகினாள் என்பதை அந்த அம்மாவிடம் சொன்னேன். மேடையில் பிடிக்க ஆளில்லாமல் தனியாகச் செய்ததால் அது உங்களுக்குத் துள்ளலாகத் தெரிந்தது, அவளுக்கு அப்படித் தெரியவில்லை என்றும் சொன்னேன். பதில் வரவில்லை. "சரி டீச்சரே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

காணொளியை வெட்டியவருக்கு ஒரு வார்த்தை. நேரில் வந்து அவள் கையைப் பிடித்துப் பாருங்கள் என்று சவால் விடும்படி இரண்டு பேர் எனக்கு உட்பெட்டியில் எழுதினார்கள். மாட்டேன். உங்கள் ஐயத்தைத் தீர்க்க நீட்டிக் கொடுப்பதற்கு அவள் கை காட்சிப்பொருள் இல்லை. என் கையைப் பிடியுங்கள். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு வகுப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாருங்கள். செண்டை வேண்டாம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது.