மேகம் போர்த்திய இரவுக்குப் பயமில்லை
மேகம் மூடிய நாளில்தான் ஊட்டியில் குளிர் கடுமை என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பகலில் வெயில் இல்லாமல் கை விறைக்கும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, சரி. ஆனால் இரவில் அதே மேகம்தான் நிலத்தின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால்தான் எங்களுக்குப் பயம். விடிந்தால் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா புல்வெளி உறைபனியால் வெள்ளையாகக் கிடக்கும், பள்ளத்தில் உள்ள தேயிலைக் கொழுந்து கருகிவிடும். போன ஜனவரியில் அப்படி ஒரே இரவில் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பீன்ஸ் முழுக்கப் போய்விட்டது, அம்மா இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மந்தாரத்துக்குப் பயந்து ஊட்டிப் பயணத்தைத் தள்ளிப்போடுவதாக அந்தக் கட்டுரையின் கீழே எழுதியிருக்கும் நண்பரே, தாராளமாக வாருங்கள். இரவில் நட்சத்திரம் தெரிந்தால் மட்டும் இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.